ஆர்எக்ஸ் 100 ஜெட்டிங்: வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஜெட்டிங், அதாவது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளை ஜெட்டுகளைச் சரியான அளவுக்கு மாற்றும் வேலை, செய்து தருவதாகச் சொல்லி ஒரு பட்டறை என்னிடம் 4,800 ரூபாய் வாங்கியது. இன்று என் வண்டியின் என்ஜின் சீஸ் ஆகி (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி) கிடக்கிறது, ஒரிஜினல் மிக்குனி கம்பெனி கார்பரேட்டரும் போய்விட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பிக்கு முழங்கை மட்டும் தேய்ந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

கொண்டுபோன பிரச்சினை சின்னதுதான். சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் பழக மெதுவாக ஓட்டும் ரன்னிங்-இன்னும் முடிந்த பிறகு, ஆக்ஸிலரேட்டரைப் பாதி திருகும்போது வண்டி லேசாகத் திணறியது. கால்வாசிக்குக் கீழே திணறினால் பார்க்க வேண்டியது பைலட் ஜெட் (சின்ன ஜெட்), ஏர் ஸ்க்ரூ (காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு). காலிலிருந்து முக்கால் வரை நீடில் (ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி). அதற்கு மேல் மெயின் ஜெட் (பெரிய ஜெட்). கார்பரேட்டர் தெரிந்த யாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு திருகும்போது திணறுது?" என்றுதான். அந்தப் பட்டறைக்காரர் அதைக் கேட்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஜப்பான் மெயின் ஜெட் போட்டுத் தரேங்ணா, வண்டி பறக்கும். விட்டுட்டுப் போங்க" என்றார். ஆர்எக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியவர் அவர்.

திரும்ப வாங்கியபோது வண்டி உண்மையிலேயே நன்றாக இழுத்தது. இந்த ஏமாற்று வேலை பிடிபடாமல் போவதே இதனால்தான். ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் தேவைக்குக் கொஞ்சம் குறைந்தால் பிக்கப் கூர்மையாகத் தெரியும், புகையும் குறையும். ஓட்டுபவருக்கு மனசு நிறைந்துவிடும். உள்ளே பிஸ்டன் சூடேறிக்கொண்டிருக்கும். என் வண்டியில் என்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்பை முந்தைய உரிமையாளரே எடுத்துவிட்டார், அதனால் ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறேன். அப்படிப்பட்ட வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும்.

தம்பி பைபாஸில் முழு ஆக்ஸிலரேட்டரில் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்துவிட்டான், இருந்தும் வண்டி சறுக்கி ரோட்டோரம் போய் விழுந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை.

முன்பு போர் அடித்துக் கொடுத்த பழைய மெக்கானிக் அண்ணனிடம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது, பெட்ரோல் குறைந்து சூடேறியதன் அடையாளம். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஃபோம் இல்லை. ஃபில்டரை எடுத்தால் காற்று கூடும், காற்று கூடினால் அதற்கேற்ற பெரிய மெயின் ஜெட் போட்டாக வேண்டும். கார்பரேட்டரிலிருந்த ஜெட்டிலோ நம்பரே இல்லை. ஒரிஜினல் மிக்குனி ஜெட்டில் நம்பரும், சதுரத்துக்குள் சதுரம் போன்ற சின்ன முத்திரையும் இருக்கும். இது எங்கோ கடைந்த பித்தளைத் துண்டு, ஓட்டை கூட நேராக இல்லை. அந்த ஆள் ஜெட்டிங்கே செய்யவில்லை. ஃபோமை உருவியிருக்கிறார், ஐடிலை (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை) கொஞ்சம் ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் அண்ணன் கார்பரேட்டரைத் திருப்பிப் பார்த்தார். போர் அடித்த சமயத்தில் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் அடையாளத்துக்காக அவரே மூன்று புள்ளி குத்தியிருந்தார். இதில் அந்தப் புள்ளிகள் இல்லை. என்னுடையதைக் கழற்றி வைத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். 1996-க்குப் பிறகு இந்த வண்டியே தயாரிப்பில் இல்லை. தேய்மானம் இல்லாத ஒரிஜினல் கார்பரேட்டருக்கு இன்று என்ன கிராக்கி என்பது அந்தப் பட்டறைக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பட்டறைக்காரரிடம் கேட்கப் போனபோது, "பெட்ரோல் சரியில்லைங்ணா, இப்பெல்லாம் எத்தனால் கலக்கறாங்கல்ல" என்றார். இந்தப் பதிலை இப்போது பல பட்டறைகளில் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்த பெட்ரோலைப் பழைய கார்பரேட்டரில் ஊற்றினால் கலவை மெலியும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் குறையும் என்பது உண்மை. அப்படியென்றால் ஜெட்டிங் செய்கிறவர் அதையும் கணக்கில் எடுத்து ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிப் பார்க்க வேண்டும், பிளக் நிறத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே காசு வாங்குகிறார்? எத்தனாலைக் காரணம் காட்டுகிறவர் ஃபில்டரையும் உருவி ஏன் இன்னும் மெலிய வைத்தார் என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது: "நீங்க ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க." கார்பரேட்டரைப் பற்றிக் கேட்டதும், "நீங்க கொண்டுவந்ததே இதுதான்" என்று முடித்துக்கொண்டார்.

ஆகவே, ஜெட்டிங் செய்யக் கொடுக்கும் முன் கார்பரேட்டரை இரண்டு பக்கமும், அடியிலும் போட்டோ எடுத்துவிடுங்கள். கூடவே உட்காருங்கள். ஜெட் மாற்றுவது பெரிய வேலை இல்லை, வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைக்கத் தேவையே கிடையாது. எந்த நம்பரை எடுத்து எந்த நம்பரைப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள், கழற்றிய ஜெட்டைக் கையில் வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஜெட் ஓட்டையை இரும்புக் கம்பியால் குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பித்தளை மிருதுவானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் அதில் உள்ள நம்பருக்கு அர்த்தமே இல்லை. பைலட் பக்கம் தொட்டால், ஆர்எக்ஸில் இருப்பது ஏர் ஸ்க்ரூ என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். பல ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருக்கும், அதில் இது தலைகீழ். இதைக் குழப்புகிறவரிடம் டூ ஸ்ட்ரோக்கைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அவரையே ஓட்டச் சொல்லி, திரும்பி வந்தவுடன் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளுத்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

எனக்கு ஆன நஷ்டம் 4,800 ரூபாயோடு நிற்கவில்லை. சிலிண்டர் கோடு விழுந்துவிட்டது. மறுபடி போர் அடித்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 50 மில்லிமீட்டர் போர் உள்ள அந்தச் சிலிண்டரை எத்தனை முறைதான் கடைய முடியும்? ஒரு வாய்ப்பு வீணாகப் போய்விட்டது.

பில் கொடுக்கவில்லை, வெறும் துண்டுச்சீட்டுதான். ஆனால் பணம் ஜிபேயில் அனுப்பியதால் அதற்கான பதிவு இருக்கிறது. அதையும், அந்த நம்பரில்லாத ஜெட்டையும், பிளக்கின் போட்டோவையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இதற்கிடையில் கிண்ணத்தின் அடியில் வரிசையாக மூன்று புள்ளி குத்திய ஆர்எக்ஸ் கார்பரேட்டர் உங்களிடம் யாராவது விலை பேசினால், வாங்காதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.