மெகானா, எல்பிஜே-கெஸ்ஸா? எங்கள் மாந்தோப்பு சொன்ன பதில்

மரங்கள் வெளியிடும் ஐசோப்ரீன் வாயு, கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கும்? இதுதான் என் முதுகலை ஆய்வு. ஐசோப்ரீன் ஓசோன் உருவாகத் துணைபோகும். மீத்தேன் காற்றில் தங்கும் காலத்தையும் நீட்டும். அதனால் செடிகொடி மாறினால் பருவநிலைக் கணக்கும் மாறும். கணக்குப் போட மெகான் (MEGAN), எல்பிஜே-கெஸ் (LPJ-GUESS) என்று இரண்டு கணினி மாதிரிகள் கையில் இருந்தன. நான் மெகானை எடுத்தேன்.

இலைச்சூடு ஏற ஏற ஐசோப்ரீன் கூடும், 40 டிகிரியை ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும். இதை இரண்டுமே சரியாகச் செய்கின்றன.

எனக்கு முக்கியமாகப் பட்டது நிலத்தில் என்ன நிற்கிறது என்பது. தாத்தா காலத்தில் ராகியும் கொள்ளும் விளைந்த கொல்லையில் இன்று பெங்களூரா மா நிற்கிறது, வரப்போரம் தைல மரம். மெகான் ஓர் அடிப்படை எண்ணை வைத்து வெயில், சூடு, இலைப்பரப்பு ஆகியவற்றால் பெருக்கும். 2012இல் வந்த 2.1 பதிப்பில், சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் ஐசோப்ரீன் என்ற அந்த எண் பயிருக்கு 1, வெப்பமண்டல அகன்ற இலை மரத்துக்கு 7,000. ஒரு டிகிரி சூடு கூடுவதெல்லாம் இதன் முன் எம்மாத்திரம்!

ஆனால் எங்கே என்ன நிற்கிறது என்று மெகானுக்குச் சொல்லும் நிலப்பரப்பு வரைபடத்துக்கு மாவும் மரம்தான், தைலமும் மரம்தான். முதல் தடவை ஓட்டியபோது தோப்பு முழுக்க 7,000 விழுந்து, விடைப் படத்தில் எங்கள் ஊரே அடர்காடு போலச் சிவந்து நின்றது. மா அப்படிப்பட்ட மரம் இல்லை. அதன் துளிரைக் கசக்கினால் மாங்காய் வாசம் வருமே, அது மோனோடெர்பீன்கள் என்ற வேறு வகை வாயுக்கள். ஐசோப்ரீன் அதில் சொற்பம். தைல மரம் இரண்டையுமே விடும். மாவுக்குத் தனி வகை போட்டு, எண்ணை மாற்றி மறுபடி ஓட்ட எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது.

எல்பிஜே-கெஸ்ஸில் அது நடக்காது. தட்பவெப்பம், மண் விவரம் கொடுத்தால் தானே காட்டை வளர்க்கும் மாதிரி அது. அதில் மாந்தோப்பு வைக்க வேண்டுமானால் ஒளிச்சேர்க்கை, வேர், ஆயுள் என்று புது தாவர வகையையே எழுத வேண்டும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அது கணக்கிடும்; வழக்கமாக ஓட்டும் கட்டமோ அட்சரேகை, தீர்க்கரேகையில் அரை டிகிரி, அதாவது பக்கத்துக்குச் சுமார் 55 கி.மீ.; கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இடையே நேர்கோட்டில் அத்தனை தூரம்கூட இல்லை.

கரியமில வாயு விஷயத்தில் மட்டும் எல்பிஜே-கெஸ்ஸின் கை ஓங்கியிருக்கிறது. அந்த வாயு கூடினால் இலை செழிக்கும், ஆனால் ஐசோப்ரீன் அடங்கும். அந்த அடக்கம் இரண்டு மாதிரிகளிலுமே தனியாகப் பெருக்கும் ஒரு காரணிதான்; ஆனால் எல்பிஜே-கெஸ் ஒளிச்சேர்க்கையிலிருந்தே ஐசோப்ரீனைக் கணக்கிட்டு இலையையும் தானே வளர்ப்பதால் செழிப்பும் அடக்கமும் சேர்ந்தே ஓடும், தனியாக ஓட்டும் மெகானுக்கோ இலைப்பரப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். 2100 வரை அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைப் பார்ப்பதென்றால் எல்பிஜே-கெஸ்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நான் இரண்டே வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மெகானில் மாவுக்கு நான் போட்ட எண்ணும் வேறு ஊர் மரங்களில் எடுத்தது. காய் பறித்து முடிந்து துளிர் விடும்போது, கிளைக்குப் பை கட்டி எங்கள் பெங்களூராவையே அளக்கப் போகிறேன்.