388 வோல்ட் ஸ்டிக்கருக்கு 6,850 ரூபாய் அழுதேன், நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

6,850 ரூபாய். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரமாக என் மண்டைக்குள் ஓடுவது இந்த எண்தான். நேற்று ராத்திரி, எனக்கு மெஷின் விற்ற ஆன்லைன் கடையிலிருந்து கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” எது தீர்ந்தது? என் பணம்தான் தீர்ந்தது.

வீட்டிலேயே டயர் கழற்றி மாட்ட எந்த கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் (பேட்டரியில் ஓடும், நட் கழற்றும் மெஷின்) வாங்கலாம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். நான் வாங்கிப் பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன் என்று வாய்ச்சவடால் விட்டிருந்தேன். இதோ எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

ஆசை எங்கே ஆரம்பித்தது என்றால், மதுரைப் பக்கம் திருமங்கலம் தாண்டி நாலு வழிச் சாலையில் ஒரு மத்தியான வெயிலில். என் பழைய ஸ்விஃப்ட் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நட் மட்டும் அசையவில்லை. போன மாதம் டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி விட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரில் ஏறி நின்றும் பார்த்தேன். கடைசியில் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, ஸ்பேனரில் அரை மீட்டர் பைப்பைச் சொருகி, காலால் ஒரு மிதி. கழன்றது. டீக்குக்கூட காசு வாங்கவில்லை மனுஷன். நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு வருகிறவர்கள் அப்படி இல்லை.

முதலில் சிம்மக்கல் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில்தான் விசாரித்தேன். பெயர் தெரிந்த கம்பெனி, 18 வோல்ட், ஒரு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 16,000 சொச்சம் சொன்னார்கள். வருஷத்துக்கு நாலு தடவை டயர் கழற்றுகிறவனுக்கு 16,000 எதற்கு என்று திரும்பி வந்துவிட்டேன். அன்று ராத்திரியே ஃபோனில் அந்த வீடியோ வந்து நின்றது. அது எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறதோ தெரியவில்லை.

குட்டிக் குட்டி வீடியோ போட்டு விற்கும் ஆன்லைன் கடை. ஒருவர் லாரி சக்கரத்து நட்டை டுர்ரென்று கழற்றிக் கையில் போடுகிறார். 388 வோல்ட், பேட்டரி கொள்ளளவு 15,000 எம்ஏஎச், நட்டைத் திருகும் விசை 1,000 நியூட்டன் மீட்டர், பிரஷ்லெஸ் மோட்டார். பேட்டரி இரண்டு, நட்டில் மாட்டும் சாக்கெட் செட் இலவசம். விலை 6,850. கீழே இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்.

நான் விழுந்த இடம் இதுதான். எடுத்த பையன் பேசியது அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு. “அண்ணே, நமக்கு உசிலம்பட்டிப் பக்கந்தேன். நீங்க எங்கிட்டு? திருநகரா? அட, எங்க சித்தி வீடு அங்கனதேன்ணே இருக்கு.” பொருள் கையில் வந்ததும் காசு கொடுக்கிறேன் என்றேன். “தாராளமா பண்ணலாம்ணே. ஆனா முன்னாடியே கட்டுனா ரெண்டாவது பேட்டரி சும்மா வரும். நம்ம ஊருக்காரருக்கு நான் போய்த் தப்பான பொருளத் தருவனா?” அந்த ‘பக்கந்தேன்’ல ஒருத்தன் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் பண்ணி 6,850 ரூபாயும் மொத்தமாகப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். நான் கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பன்னிரண்டு வருஷமாக வருகிற சரக்கை எடை போட்டு, எண்ணிப் பார்த்து, பில்லோடு சரிபார்த்து உள்ளே வாங்குகிறவன். ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புவேன். என் சொந்தக் காசுக்கு வந்த பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வீடியோகூட எடுக்கவில்லை.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. பேட்டரியை எடுத்ததும் கை சொல்லியது, ஏதோ லேசாக இருக்கிறதே என்று. சார்ஜ் போட்டு, சாயங்காலம் வாசலில் கார் டயரில் வைத்து அழுத்தினேன். சத்தம் தெருவே கேட்கும்படி வந்தது. நட் மயிரிழைகூட அசையவில்லை. மெஷினின் காற்றுத் துளைக்குள் நீலமாகப் பொறி பறந்தது. பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது, பிறகு பொறி எங்கிருந்து வரும்? மூன்றாவது தடவை அழுத்தியபோது இலவசமாக வந்த பளபள சாக்கெட் பிளந்து, ஒரு துண்டு மட்கார்டில் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது என் மகள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அப்புறம் பைப்பைச் சொருகி நானே கழற்றினேன். என் எடை 72 கிலோ. அரை மீட்டர் பைப்பின் நுனியில் முழு எடையோடு ஏறி நின்றால்கூட வருவது ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர்தான். அதற்குள்ளேயே கழன்றுவிட்ட நட்டை 1,000 நியூட்டன் மீட்டர் மெஷினால் அசைக்க முடியவில்லையாம்.

மறுநாள் மோட்டார் ரீவைண்டிங் பண்ணும் தெரிந்த அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பேட்டரியைப் பிரித்தார். பத்து செல் உட்காரும் கூட்டில் ஐந்துதான் இருந்தது, மிச்ச இடம் காலி. “தம்பி, லித்தியம் செல் ஒண்ணு 3.6 வோல்ட். அஞ்சைக் கோர்த்தா 18. முழு சார்ஜ்ல 21. இந்த 388 எந்தக் கணக்கு?” என்றார். 388 வோல்ட் வேண்டுமென்றால் நூறு செல்லாவது கோர்க்க வேண்டும். ஒரு செல் 45 கிராம் என்று வைத்தாலும் பேட்டரி மட்டும் நாலரைக் கிலோ ஆகும், அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். என் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தபோது கூட்டோடு சேர்த்து 330 கிராம். 15,000 எம்ஏஎச்சும் அதே கதைதான். இந்த அளவுச் செல்லில் நல்லது என்பதெல்லாம் பெரும்பாலும் 3,500 சொச்சத்தில் நின்றுவிடும், வரிசையாகக் கோர்த்தால் வோல்ட் கூடுமே தவிர எம்ஏஎச் கூடாது.

இனி அந்தத் தம்பியின் பதில்கள். முதல் நாள்: “எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கண்ணே.” போட்டேன். இரண்டாம் நாள்: “நட்டு துருவா இருக்கும்ணே, மண்ணெண்ணெய ஊத்தி வைங்க.” நட்தான் கழன்றுவிட்டதே, இறுக்கி மறுபடி பார்த்தாலும் அசையவில்லை என்றேன். மூன்றாம் நாள் பிளந்த சாக்கெட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் அவன் என்னை ‘சார்’ ஆக்கிவிட்டான். “பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா சார்? இல்லைன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்.” உசிலம்பட்டி போய்விட்டது, சித்தி வீடும் போய்விட்டது. அண்ணே என்று கூப்பிட்டுப் பணத்தை வாங்கியவன் சார் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு வேறொரு குரல், அரைகுறைத் தமிழ். திருப்பி அனுப்புங்கள், கூரியர் செலவு உங்களுடையது என்றது. சரி, முகவரி கொடுங்கள் என்றேன். வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. உங்கள் குறைதீர் அதிகாரி யார் என்று கேட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிறவர்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். “அதெல்லாம் ஹெட் ஆபீஸ் சார்.” ஹெட் ஆபீஸ் எங்கே? லைன் கட். வீடியோ ஓடுகிற ஆப்பில் புகார் கொடுத்தால், விற்றவரைக் கேளுங்கள் என்று பதில். விற்றவரின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். 6,850 ரூபாய்க்கு நான் வாங்கியது ஐந்து செல், ஒரு சத்தம், ஓர் உடைந்த சாக்கெட். இரண்டாவது பேட்டரி சார்ஜே ஏறவில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாடு போடும்போது “16,000 ஜாஸ்தின்னுதானே வந்தீங்க” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்கிறேன். 18, 20, 21 வோல்ட் மூன்றும் ஒரே ஐந்து செல் கணக்குதான், அதற்கு மேல் மூன்று இலக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தால் ஓடிவிடுங்கள். டார்க், அதாவது திருகும் விசை, எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் நட்டைக் கழற்றும் டார்க்கைத்தான் சொல்வார்கள், இறுக்கும் டார்க் அதைவிடக் குறைவு, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சாக்கெட் கறுப்பாக வரும் இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்க வேண்டும், பளபளப்பு வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். திருப்பி மாட்டும்போது மெஷினால் முழுக்க இறுக்காதீர்கள். சின்னக் கார்களுக்கு இறுக்க வேண்டிய அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் முடியுங்கள். மதுரையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ. முன்பணம் கிடையாது, எந்த ஊர்க்காரன் கேட்டாலும்.

நான் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே ஒன்றும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 6,850-க்கு இவ்வளவு அலைச்சலா என்று மச்சான் கேட்கிறான். ஆமாம், 6,850-க்குத்தான்.

இன்று காலை அந்த வீடியோ மறுபடி வந்தது. அதே லாரி, அதே நட். விலை 5,999 ஆகியிருக்கிறது, பேட்டரி மூன்று தருகிறார்களாம்.