சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு லேப்டாப் கடை

குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்னக் கடை. என் பழைய லேப்டாப் நீலத்திரை காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. வேறொரு இடத்தில் "மதர்போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று கைகழுவிவிட்டார்கள்.

இங்கிருந்த அண்ணன் முதலில் விண்டோஸ் பதிந்துவைக்கும் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். கெர்னல் பவர் 41 என்ற பிழைப்பதிவு வரிசைகட்டி நின்றது. "ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் இது சொல்லும் சார், ஏன்னு சொல்லாது" என்றார். அப்புறம் ராமை, அதாவது மெமரியை, சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓட்டினார். பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இரண்டு ராமையும் கழற்றி, ஒவ்வொன்றாக ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒரு ராம்தான் கோளாறு. ஸ்லாட்டுகள் நன்றாகவே இருந்தன. ஃபேனைக் கழற்றினால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வாயில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அதையும் துடைத்துப் புதிதாகத் தடவினார்.

என் லேப்டாப்புக்கான பழைய வகை டிடிஆர்3எல் ராம் செகண்ட் ஹேண்டில்தான் கிடைத்தது, ஆனால் விலை நியாயம். பில் கேட்டால்தான் தருகிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், படியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.