ரியோவில் பார்பிக்யூ வகுப்பு என்று 17,000 ரூபாயைக் கறந்துவிட்டார்கள், உஷார்!

1,080 பிரேசில் ரியால். நம் காசில் சுமார் 17,000 ரூபாய். அது திரும்ப வராது என்று நேற்று ராத்திரிதான் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வயிறு எரிகிறது. ரியோ டி ஜெனிரோ போகிற யாராவது இதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றுலா வருபவர்களுக்கு உள்ளூர் அனுபவங்களை விற்கிற பதிவுத் தளம் ஒன்றில் இந்த வகுப்பைப் பார்த்தோம். "கரி மூட்டுவது முதல் கறி வெட்டுவது வரை எல்லாம் உங்கள் கையால்" என்று போட்டிருந்தது. நாலு மணி நேரம், அதிகபட்சம் 8 பேர், குடிப்பதும் கட்டணத்தில் அடக்கம். தலைக்கு 480 ரியால். எனக்கும் மனைவிக்குமாக 960.

எனக்கு இதில் ரொம்ப நாள் ஆசை. சுஹாஸ்கோ என்கிற இந்தச் சமையல் பிரேசிலின் தெற்குக் கோடியில், மாடு மேய்க்கிற கௌச்சோக்கள் வெட்டவெளியில் தீ மூட்டிக் கறி சுட்டதிலிருந்து வந்தது. நம்மூர் மாதிரி மசாலா தடவி ஊறவைக்கிற வேலை கிடையாது, பெரும்பாலும் கல்லுப்பு மட்டும்தான். அதனால் கறியை எப்படி வெட்டுகிறோம், கங்குக்கு எவ்வளவு உயரத்தில் கம்பியைப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதைச் செய்து பார்த்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

பணம் கட்டும் முன் தளம் வழியாக ஒரு கேள்வி அனுப்பினேன். வகுப்பு நடத்துகிறவரே பதில் போட்டார். நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும், "இருவரும் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?" என்று அவராகவே கேட்டார். என் மனைவி தொட மாட்டார். அதைச் சொன்னதும், தனி இடுக்கி, தனிக் கம்பி, கோழி, பூண்டு ரொட்டி, அங்கே கடற்கரையில் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் கெய்ஜோ கோவால்யோ சீஸ், எல்லாம் வைத்துவிடுகிறேன் என்று குரல் பதிவே அனுப்பினார். கூடவே கங்கு தகதகக்கிற அடுப்பின் வீடியோ. நாம் கேட்காமலே இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற மனுஷன் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அதைக் கேட்ட கையோடு பணத்தைக் கட்டினோம்.

கோபகபானாவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. போய்ப் பார்த்தால் 20 பேருக்கு மேல் கூட்டம். தீ ஏற்கெனவே மூட்டியாயிற்று. கறி ஏற்கெனவே வெட்டி, உப்புப் போட்டு, கம்பியில் ஏறியாயிற்று. கம்பியைத் தொடப் போனால் "பாதுகாப்பு, பாதுகாப்பு" என்று உதவியாள் கையைத் தடுக்கிறார். எங்கள் கையால் செய்தது என்றால், தொட்டுக்கொள்ளத் தக்காளி வெங்காயம் நறுக்கியதும், கைபிரின்யா என்கிற மதுபானத்துக்கு எலுமிச்சையைச் சர்க்கரையோடு நசுக்கியதும்தான். இதற்கா தலைக்கு 480 ரியால்?

பிக்கான்யா என்று சொல்லித்தான் கறியைக் கொடுத்தார்கள். அது மாட்டின் பின்புறத்து மேல்துண்டு. ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கொழுப்பு போர்த்தியிருக்கும். முழுத்துண்டே ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் தேறும். எடை அதிகமாக இருந்தால் பக்கத்திலுள்ள கடினமான கறியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். சாவோ பாவ்லோவில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இதையெல்லாம் சொல்லியிருந்தார்கள். தடியாக வில்லை போட்டு, கொழுப்பு வெளிப்பக்கம் வருகிற மாதிரி அரைவட்டமாக வளைத்துக் கம்பியில் குத்துவார்கள். அது உருகிக் கறியிலேயே வழிய வேண்டும். இவர்கள் கம்பியில் இருந்ததோ கொழுப்பே இல்லாத சதுரத் துண்டுகள். மென்றால் மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதைக்கூட விட்டுவிடுவேன். மனைவிக்குத் தனி இடுக்கி என்றாரே, அது எங்கே? மாட்டுக் கொழுப்பு சொட்டுகிற அதே இடுக்கியால் என் கண் முன்னாலேயே கோழியைப் புரட்டினார்கள். கேட்டதற்கு, "தீயில் எல்லாம் சுத்தமாகிவிடும்" என்கிறார் அந்த ஆள். மனைவி வெறும் பூண்டு ரொட்டியோடு எழுந்துவிட்டார். சீஸ் கண்ணிலேயே படவில்லை. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, வகுப்பு முடிந்தது என்றார்கள். லிஃப்ட் வாசலில் மறித்து, குடித்ததற்குத் தனியாக 120 ரியால், அதுவும் ரொக்கமாக. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, கொடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. அந்த ஆள் என் செய்தியைப் பார்த்ததற்கு நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. தளத்தில் முதலில் தானியங்கி அரட்டை, பிறகு ஒரு பெண், பிறகு "மேலதிகாரி". ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். நீங்கள் கலந்துகொண்டுவிட்டீர்கள், ஆகவே சேவை நிறைவேறியது என்கிறார்கள். விளம்பரத்தில் சொன்னதைத் தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க பிரேசிலின் 1990ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம், 35ஆம் பிரிவு இடம் தருகிறதே என்று எழுதினேன். எங்கள் விதிமுறைகளைப் பாருங்கள் என்று ஒரு இணைப்பு வந்தது. கடைசியில் 1,080 ரியாலுக்குப் பதில் அடுத்த வகுப்புக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! நான் எழுதிய விமர்சனம் இன்னும் "பரிசீலனையில்" கிடக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் "உங்கள் கையால்" என்பதையே காணோம், "பார்த்து ரசிக்கலாம்" என்று மாற்றிவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. சுருக்கமாக: பணம் கட்டும் முன்பே விளம்பரப் பக்கத்தை முழுசாகப் படம் பிடித்து வையுங்கள். ஒரு நட்சத்திர விமர்சனங்களை முதலில் படியுங்கள். எத்தனை பேர், கம்பியை யார் பிடிப்பது, கறியை யார் வெட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உள்ளே போனதும் தனி இடுக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வாசலில் ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள். கார்டில் கட்டிய 960 ரியாலுக்கு வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். அந்த 120க்கு ஒரு ரசீதுகூட இல்லை.