கம்யூனிட்டி டோக்கன்ல கூலி தர்றோம்னு சொன்னா உஷாரா இருங்க, என் 1,860 டாலர் போச்சு

மக்களே, இதை இன்னிக்கே எழுதிடணும், தள்ளிப்போட்டா கோபம் ஆறிடும், அதுக்குள்ள இன்னும் நாலு பேரு அதே குழில விழுந்துடுவாங்க. 1,860 டாலர். சூதாடி விட்ட காசு இல்ல, ராத்திரி பகல்னு உக்காந்து வரைஞ்சு கொடுத்ததுக்கான கூலி. டீசென்ட்ரலைஸ்டு சோஷியல் நெட்வொர்க்ல, அதாவது ஒரே கம்பெனி கைல இல்லாத சமூக வலைத்தளத்துல, ஒரு பெரிய குரூப், அவங்களே சொந்தமா ஒரு டோக்கன் (கிரிப்டோ நாணயம்) வெளியிட்டு, நல்ல போஸ்டுக்கு டிப்ஸ், வரையிறவங்களுக்கு வேலைக்கு இவ்வளவுன்னு பவுண்டி, குரூப்பை பாத்துக்கிற மாடரேட்டருக்கு மாசக் கூலின்னு எல்லாத்தையும் அதுலயே கொடுத்துட்டு இருந்தாங்க. பேர் சொல்லப் போறதில்ல, சொன்னா மாலைக்குள்ள வேற பேரு, வேற லோகோ போட்டுட்டு வந்துடுவாங்க. என்ன பண்ணாங்க, எப்படி பண்ணாங்கன்னு முழுசா சொல்றேன், கடைசில எப்படி தப்பிக்கிறதுன்னும் சொல்றேன்.

நான் ஸ்டிக்கர், பேனர், ப்ரொஃபைல் படம் வரையிற ஆளு. அந்த குரூப்போட அட்மின் தானா டிஎம்ல வந்தான். "உங்க வொர்க் சூப்பர் ப்ரோ, நம்ம கம்யூனிட்டிக்கு ஒரு செட் வேணும், பேமெண்ட் நம்ம டோக்கன்ல"ன்னு. டோக்கன்னா எனக்கு வேணாம், ஸ்டேபிள்காயின்ல, அதாவது டாலர் விலையிலேயே நிக்கிற கிரிப்டோல கொடுங்கன்னு முதல் மெசேஜ்லயே கேட்டேன். அதுக்கு அவன் சொன்ன பதில் இன்னும் அப்படியே இருக்கு (நாஸ்டர், ஃபார்காஸ்டர் ரெண்டும் இந்த மாதிரி சோஷியல் நெட்வொர்க், சாப்னா நாஸ்டர்ல அனுப்புற டிப்ஸ், டீஜென் ஒரு டோக்கன்). "நாஸ்டர்ல சாப் அனுப்புறாங்கல்ல, அதே மாதிரிதான் ப்ரோ, ஃபார்காஸ்டர்ல டீஜென் பாத்தீங்கல்ல, 2024 ஜனவரில ஒரு சேனல் ஆளுங்க டிப்ஸ் கொடுக்க ஆரம்பிச்சதுதான், இப்ப யாருக்கு தெரியாது அதை"ன்னு.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு கேளுங்க, ஏமாத்து வேலை இங்கதான் ஆரம்பிக்குது. நாஸ்டர்ல வர்ற சாப் பிட்காயின், லைட்னிங்ங்கிற பிட்காயின் பேமெண்ட் நெட்வொர்க் வழியா சாட்ஸா (பிட்காயினோட சின்ன அலகு) வந்து சேருது, 10 கோடி சாட்ஸ் சேர்ந்தா ஒரு பிட்காயின், அதை எந்த குரூப் அட்மினும் தன் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது, நிறுத்தி வைக்கவும் முடியாது. இவன் கொடுத்தது இவனே டிப்ளாய் பண்ண கான்ட்ராக்ட்ல (டோக்கனை நடத்துற ப்ரோக்ராம்) இருந்து வர்ற டோக்கன், அதோட சாவி இவன் கைல. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சேர்த்து சொல்லிட்டான். டீஜென் பேரை இழுத்ததும் அப்படித்தான், ஒண்ணு ஓடுச்சுன்னா அதே அச்சுல வர்ற எல்லாமே ஓடும்னு நினைக்க வைக்கிறது.

முதல் செட் முடிச்சு கொடுத்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே டோக்கன் வந்துச்சு. சரி, காசாகுதான்னு பாக்கலாம்னு டெக்ஸ்ல (நடுவுல கம்பெனி இல்லாம டோக்கன் மாத்திக்கிற இடம்) போய் பாதியை ஸ்வாப் போட்டேன், 40 டாலர் ஸ்டேபிள்காயின் ஒரு நிமிஷத்துக்குள்ள என் வாலட்ல வந்து உக்காந்துச்சு. நான் நம்புனது அந்த நிமிஷத்துலதான். யாரா இருந்தாலும் நம்புவாங்க, கையில காசு வந்தப்புறம் வேற என்ன ஆதாரம் கேப்பீங்க? அதுக்கு மேல லிக்விடிட்டி லாக்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், டோக்கனை வித்தா காசு தர்ற பூலை (டோக்கனும் டாலரும் சேர்த்து போட்டு வச்ச இருப்பு) ஒரு வருஷத்துக்கு பூட்டியாச்சு, யாரும் தொட முடியாதுன்னு. குரூப்லயும் தினம் யாராவது "இப்பதான் வித்தேன், வந்துடுச்சு, நன்றி டீம்"னு போடுவாங்க. அதுல எத்தனை பேரு நிஜ ஆளு, எத்தனை அவங்களே நடத்துற அக்கவுன்ட்னு இப்ப யோசிச்சா வயிறு எரியுது.

அப்புறம் வேலை மேல வேலை. பேனர், ஸ்டிக்கர், மீட்டப்புக்கு போஸ்டர், புது மெம்பர்களுக்கு பேட்ஜ். ஒவ்வொண்ணுக்கும் டோக்கன் வந்துட்டே இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு வரி வரும், "இப்ப விக்காதீங்க ப்ரோ, ஹோல்ட் பண்றவங்களுக்கு அடுத்த பவுண்டில மல்டிப்ளையர் இருக்கு." விக்காம வச்சிருந்தா அடுத்த வேலைக்கு கூடுதல் கூலி, வித்தா கம்மி. அதாவது கூலியை வெளிய எடுக்க விடாம பண்றதுக்கு ஒரு விதி. சேர்ந்து சேர்ந்து 62,000 டோக்கன் ஆச்சு, ஒரு டோக்கன் 3 சென்ட், வாலட்ல மொத்தமா 1,860 டாலர்னு பச்சை எழுத்துல காட்டுது.

எனக்கு புது டேப்லெட் வாங்க காசு தேவைப்பட்டுச்சு, வித்துடலாம்னு டெக்ஸை திறந்தேன். மேல 62,000 அடிச்சேன். கீழ வந்த தொகை 85 டாலர் சொச்சம். பக்கத்துல சிவப்புல விலைத் தாக்கம் 95 சதவீதம்னு எச்சரிக்கை, அதாவது இவ்வளவையும் வித்தா காட்டுற விலைல 95 சதவீதம் போயிடும்னு. ஆப் கெட்டுப்போச்சோன்னு மூடி திறந்து பாத்தேன், அதே 85. வாலட்டுக்கு போனா அங்க இன்னும் 1,860 டாலர்தான்.

பூலை திறந்து பாத்தப்பதான் புரிஞ்சுச்சு. உள்ள மிச்சம் இருந்தது 3,000 டோக்கன், 90 டாலர், அவ்வளவுதான். போன மாசம் வரைக்கும் அதுல பல ஆயிரம் டாலர் இருந்துச்சு. இதை எல்லாரும் தயவு செஞ்சு மனசுல ஏத்திக்கோங்க: பூல்ல இருந்து டோக்கனையும் டாலரையும் ஒரே விகிதத்துல உருவினா விலை அசையாது. 90ஐ 3,000ஆல வகுத்தாலும் 3 சென்ட்தான், அதுக்கு முன்னாடி இருந்த பெரிய தொகையை வகுத்தாலும் 3 சென்ட்தான். அதனால வாலட் பழைய விலையையே காட்டிட்டு இருக்கும், சார்ட் நேர்கோடா அழகா போகும், உள்ள காசு மட்டும் இருக்காது. 90 டாலர் இருக்கிற பூல்ல 62,000 டோக்கனை கொட்டினாலும் 90 டாலருக்கு மேல ஒரு சென்ட் கூட வராது, வர வழியே இல்ல. அந்த 1,860ங்கிறது வெறும் பெருக்கல் கணக்கு.

பூட்டி வச்சிருக்கோம்னு சொன்ன லாக்கையும் தேடிப் போய் பாத்தேன். பொய் சொல்லல, லாக் நிஜமாவே இருக்கு. ஆனா பூட்டுனது அந்த 90 டாலர் பங்கை மட்டும்தான். மீதி எல்பி டோக்கன் (பூல்ல உள்ள பங்குக்கான சீட்டு) முழுக்க ஒரே வாலட்ல இருந்திருக்கு, அதை வச்சு ஒரே ராத்திரில எடுத்துட்டாங்க. ஸ்கிரீன்ஷாட்ல சதவீதம் இருக்கிற கீழ்ப்பகுதியை வெட்டிட்டுதான் அனுப்பியிருக்கான், இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா தெளிவா தெரியுது.

உடனே அட்மினுக்கு மெசேஜ். முதல் பதில், "நெட்வொர்க் நெரிசல் ப்ரோ, நாளைக்கு பாருங்க." மறுநாள், "லிக்விடிட்டியை வேற பூலுக்கு மாத்துறோம், பேனிக் ஆகாதீங்க." எந்த பூல், லிங்க் கொடுங்கன்னா பதில் இல்ல. பொது சேனல்ல கேட்டேன். ரெண்டு மாடரேட்டர் வந்து "பயம் பரப்பாதீங்க, டீம் மேல நம்பிக்கை இல்லன்னா போயிடுங்க"ன்னு சொல்லிட்டு என் போஸ்டை மறைச்சாங்க. என் ஸ்டிக்கரையே எனக்கு பதிலா போட்டாங்க, நான் வரைஞ்ச அந்த சிரிக்கிற ஸ்டிக்கர், அதுக்கான கூலியும் அந்த 1,860 டாலர்லதான் இருக்கு. எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

சரி, அந்த 85 டாலராவது எடுத்துடலாம்னு ஸ்வாப் போட்டா டிரான்சாக்ஷன் ஃபெயில். திரும்ப போட்டாலும் ஃபெயில், கேஸ் ஃபீ (நெட்வொர்க் கட்டணம்) மட்டும் போகுது. கேட்டா "ஹோல்டர்களோட பாதுகாப்புக்காக கூல்டவுன் போட்டிருக்கோம்"னு ஒரு அறிவிப்பு. அதாவது விக்கிறதை நிறுத்தி வச்சிருக்காங்க, எவ்வளவு நாளுன்னு இல்ல. ஸ்டீம் மாதிரி பழைய சோஷியல் நெட்வொர்க்ல கூட பவர் டவுன் போட்டா, அதாவது பூட்டி வச்ச டோக்கனை எடுத்தா, வாரா வாரம் பிரிச்சுதான் வரும், ஆனா அது உள்ள வரும்போதே எல்லாருக்கும் தெரிஞ்ச விதி, எல்லாருக்கும் ஒண்ணு. இங்க நடந்தது என்னன்னா, எக்ஸ்ப்ளோரர்ல (பிளாக்செயின் பதிவை யாரும் பாக்கக்கூடிய தளம்) கான்ட்ராக்டை திறந்து பாத்தா டிரான்ஸ்ஃபரை நிறுத்துற ஃபங்ஷன் ஓனர் கைல இருக்கு, கூடவே விதிவிலக்கு கொடுக்கிற ஒரு பட்டியலும் இருக்கு. எங்க டோக்கன் உறைஞ்சு நிக்குற அதே நேரத்துல அந்த பட்டியல்ல இருக்கிற வாலட்ல இருந்து டோக்கன் போயிட்டேதான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாடி வரி வரியா ஓடுது. இதுக்கு பேரு பாதுகாப்பாம்.

அதுக்கப்புறம் "கம்யூனிட்டி ஓட்டு" வச்சாங்க, கூல்டவுனை நீட்டிக்கலாமா வேணாமான்னு. ஆளுக்கு ஒரு ஓட்டு இல்ல, டோக்கனுக்கு ஒரு ஓட்டு. நூத்துக்கணக்கான பேரு வேணாம்னு போட்டோம். கடைசி நேரத்துல ஒரே ஒரு வாலட் வந்து வேணும்னு போட்டுச்சு, முடிஞ்சு போச்சு. அந்த வாலட் யாருதுன்னு சொல்லணுமா, பூல்ல இருந்து எல்பியை உருவுன அதே வாலட். அப்புறம் பெருமையா அறிவிப்பு, கம்யூனிட்டி முடிவு பண்ணிடுச்சுன்னு.

குரூப்புக்கு உள்ள போக நான் யூஸ் பண்ண ஆப்போட சப்போர்ட்டுக்கும் எழுதினேன். அவங்க பதில் ரெண்டு வரி. அது ஓப்பன் புரோட்டோகால், யாரு என்ன டோக்கன் விட்டாலும் நாங்க பொறுப்பில்ல, வேணும்னா அந்த அக்கவுன்டை நீங்க பிளாக் பண்ணிக்கலாம். நான் பிளாக் பண்ணி என்ன ஆகப்போகுது? ஒரு சர்வர்ல எடுத்தாலும் இன்னொரு சர்வர்ல அதே போஸ்ட் ஓடுது, புதுசா வர்றவனுக்கு அங்க இன்னும் "வரைங்க, சம்பாதிங்க"ன்னுதான் தெரியுது. என்னை வாலட்ல கையெழுத்து போட வச்சதும் உங்க ஆப்தானேங்கன்னு திரும்ப எழுதினேன், டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க.

சிலர் சொல்றாங்க, பெரிய தளமா இருந்தா இப்படி ஆகாதுன்னு. ரெடிட்ல மூன்ஸ்னு கிரிப்டோ குரூப்புக்கு ஒரு பாயிண்ட் இருந்துச்சு, 2020ல இருந்து போஸ்ட் போடுறவங்களுக்கு கொடுத்தாங்க. 2023 அக்டோபர்ல கம்யூனிட்டி பாயிண்ட்ஸ் திட்டத்தையே நிறுத்துறோம்னு ரெடிட் அறிவிச்சதும் விலை ஒரே அடியா சரிஞ்சுது. அங்க ஏமாத்தணும்னு பண்ணாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா வருஷக்கணக்கா உழைச்சு சேர்த்தவங்க கையில இருந்தது ஒரு அறிவிப்புல கரைஞ்சுது. வெளியிட்டவன் நெனச்சா நிறுத்தலாம்ங்கிற வரைக்கும் அது கூலி இல்ல.

கடைசியா போன வாரம் "வி2 வருது, பழைய டோக்கனுக்கு பதிலா புதுசு தர்றோம், இந்த லிங்க்ல போய் மாத்திக்கோங்க"ன்னு டிஎம். வாலட்ல கையெழுத்து கேட்டுச்சு. என்ன கேக்குதுன்னு விரிச்சு படிச்சேன், பழைய டோக்கனுக்கு அப்ரூவல் (வாலட்ல இருந்து எடுத்துக்கிற அனுமதி) கேக்கல, என் ஸ்டேபிள்காயினுக்கு கேக்குது, அதுவும் வரம்பே இல்லாம. 1,860 டாலர் தின்னது பத்தாதுன்னு மிச்சத்தையும் வழிக்க வந்திருக்காங்க. ரிஜெக்ட் பண்ணிட்டேன். ஆனா சேனல்ல நிறைய பேரு "முடிச்சுட்டேன், நன்றி"ன்னு போட்டுட்டு இருக்காங்க, அதைப் பாத்துதான் பொறுக்க முடியாம இதை எழுத உக்காந்தேன்.

நேத்து ராத்திரி பூலை திரும்ப பாத்தேன். 90 டாலரும் இல்ல, விதிவிலக்கு பட்டியல்ல இருந்த ஒரு வாலட் டோக்கனை கொட்டி வழிச்சு எடுத்துட்டு போயிருக்கு. என் கணக்குல வர வேண்டிய 1,860 டாலர் இப்ப பூஜ்யம்.

நிறைய எழுதணும்னு நெனச்சேன், தலை வலிக்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். கூலி பேசும்போது டோக்கன் எண்ணிக்கைல பேசாதீங்க, ஸ்டேபிள்காயின்ல பேசுங்க, பாதி அட்வான்ஸ் வாங்குங்க. டோக்கன்தான்னா வந்த அன்னிக்கே வித்துடுங்க, மல்டிப்ளையர் ஆசை காட்டுனா இன்னும் சீக்கிரம் வித்துடுங்க. விலையை பாக்காதீங்க, பூல்ல எவ்வளவு டாலர் இருக்குன்னு பாருங்க, விக்கிற அளவை டெக்ஸ்ல அடிச்சு என்ன வருதுன்னு பாருங்க. லாக்னு சொன்னா எத்தனை சதவீதம்னு நீங்களே எக்ஸ்ப்ளோரர்ல போய் பாருங்க, ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. ஹோல்டர் பட்டியல்ல முதல் ஆளு கைலயே பாதி இருந்தா அங்க ஓட்டுக்கு அர்த்தம் இல்ல. ஏற்கனவே அந்த வி2 லிங்க்ல கையெழுத்து போட்டவங்க இதை படிச்சதும் அப்ரூவலை ரிவோக் (ரத்து) பண்ணுங்க, இல்லன்னா மிச்ச காசை உடனே புது வாலட்டுக்கு மாத்துங்க, அப்புறம் மீதியை படிங்க.

இன்னொண்ணு, சேனல்ல நான் கத்துனதுமே "உங்க காசை மீட்டுத் தர்றோம், முதல்ல கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்க"ன்னு ஆளுங்க டிஎம்ல வர ஆரம்பிச்சுட்டாங்க, அதுவும் அதே கூட்டம்தான், பதிலே போடாதீங்க. இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா எனக்கு எழுதுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம், உங்க டிரான்சாக்ஷன் லிங்க் மட்டும் போதும். சீட் ஃபிரேஸை (வாலட்டை திறக்கிற ரகசிய சொற்கள்) யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, என் பேர்ல யாராவது வந்து கேட்டாலும் சரி.