ட்ரோன் பைலட் லைசென்ஸ் என்று சொல்லி 58,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் படியுங்கள்

இன்று மதியம்தான், தம்பியைச் சேர்த்த ட்ரோன் பயிற்சி மையத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. "ரீஃபண்ட் பாலிசி கிடையாது மேடம்." 58,000 ரூபாய்! ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேருவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தம்பி பிளஸ் டூவில் வேளாண் தொழிற்கல்வி குரூப். திண்டிவனம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மணிலா (நிலக்கடலை) நிலம் இருக்கிறது. "விவசாயத்துலயே ஏதாவது செய்றேன்க்கா" என்று அவனாகத்தான் சொன்னான். இந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற பிள்ளைகள் ஊருக்கு எத்தனை பேர்? அந்த ஆசையைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

பைபாஸ் ரோட்டு மாடியில் நடக்கும் ஒரு ட்ரோன் பயிற்சி மையம். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. இலவச டெமோ என்று எங்கள் ஊருக்கே வந்தார்கள். பத்து லிட்டர் டேங்க் வைத்த பெரிய மெஷினைக் கொண்டுவந்து, பத்து நிமிஷத்தில் ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள். காலமெல்லாம் முதுகில் தெளிப்பான் சுமந்த அப்பா, வரப்பை விட்டு நகரவே இல்லை. பயிற்சியாளர் ஒரு மணிலா இலையைத் திருப்பி, அடிப்பக்கமும் நனைந்திருப்பதை அப்பாவிடம் காட்டினார். அப்புறம் ரிமோட்டைத் தம்பி கையில் கொடுத்து, "கை ஆடவே இல்ல பாருங்க ஐயா, உங்க பையன் பிறவி பைலட்" என்றார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுவாரமே அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போய்விட்டது.

58,000 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டினால்தான் இந்த பேட்ச் என்றார்கள். டிஜிசிஏ (ஒன்றிய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) லைசென்ஸ், மாதம் 25,000 சம்பளத்தில் வேலை, சொந்தமாக ட்ரோன் வாங்க 5 லட்சம் மானியம், எல்லாம் வாங்கித் தருவார்களாம். வேளாண் பட்டதாரிகள் இயந்திர வாடகை மையம் வைத்தால் ட்ரோனுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் வரை மானியம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது உண்மைதான். பிளஸ் டூ முடித்த பையனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சியில் அந்தப் பெரிய மெஷினைத் தம்பி மறுபடி கண்ணாலேயே பார்க்கவில்லை. ஒரே லேப்டாப்பில் சிமுலேட்டரை (திரையிலேயே ட்ரோன் ஓட்டிப் பழகும் மென்பொருள்) மாற்றி மாற்றி ஓட்டினார்களாம். கடைசி நாள் மொட்டை மாடியில் கல்யாண வீடுகளில் வருமே, அந்த மாதிரி ஒரு கேமரா ட்ரோனைக் கொஞ்ச நேரம் பறக்கவிட்டார்கள். சரி, லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் தங்க நிற பார்டர் போட்ட ஒரு காகிதம். "பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்தார்" என்று இருக்கிறது, டிஜிசிஏ என்ற எழுத்தே இல்லை.

அதற்குப் பிறகு போன் போட்டால் ஒரு நாள் சர்வர் டவுன், இன்னொரு நாள் டெல்லியிலிருந்து வரணும், அப்புறம் அட்மின் மேடம் லீவ். வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது அந்தப் பயிற்சியாளரே சொன்னதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்: "உங்க தம்பிக்கு இன்னும் 18 ஆகலையே மேடம், டிஜிசிஏ எப்படிக் கொடுக்கும்?"

சேரும் அன்று ஆதார் நகல் வாங்கி, பிறந்த தேதியைப் பார்த்துப் பார்த்து ஃபார்மில் எழுதியவர் அவர்தான்! 2021 ட்ரோன் விதிகளின்படி, இவர்கள் லைசென்ஸ் என்று சொல்கிற ரிமோட் பைலட் சான்றிதழுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். இதே தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் 17 வயதுப் பையனிடம் 58,000 ரூபாய் வாங்கினார்கள்.

அவன் இப்போது அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்க்க முடியாமல் சாப்பிடும்போதுகூடத் தலையைக் குனிந்துகொள்கிறான். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டிஜிசிஏ தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இல்லையென்றால் வாசற்படி ஏறாதீர்கள். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே இந்தப் பயிற்சியை நடத்துகிறது, அங்கே விசாரியுங்கள். எந்த எடை வகை ட்ரோனுக்குச் சான்றிதழ் என்று கேளுங்கள். 2 கிலோவுக்குக் கீழே இருக்கும் ட்ரோனை ஓட்டிப் பழகிவிட்டு மருந்து அடிக்கும் ட்ரோனைத் தொட முடியாது. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மட்டும் கேளுங்கள். வேலை கேரண்டி என்றால் எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி பைபாஸ் ரோட்டு மாடியில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதைக் கிழித்துப் போடாமல் எனக்கு மெசேஜ் போடுங்கள்.