சென்னையில் சர்வர் வைக்க ரேக் வாடகை: கடலில் கெட்டி, கரையில் கவனம்

டேட்டா சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட். சென்னையின் கோலொகேஷன் சேவைக்கு, அதாவது சொந்த சர்வரை அடுத்தவர் டேட்டா சென்டரில் வாடகை ரேக்கில் வைக்கும் ஏற்பாட்டுக்கு, இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. 2002-ல் வந்த ஐ2ஐ கேபிள் இங்கிருந்து சிங்கப்பூர் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போக 16, வர 16. அந்தத் தடத்தில் 30-க்குக் கீழே ஒரு எண்ணைச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். ரௌட்டர், தரைவழி எல்லாம் சேர்ந்து 33 முதல் 36 வரை வந்தால் நல்ல லிங்க். 50-ஐத் தாண்டினால் பெரும்பாலும் டிராஃபிக் மும்பை சுற்றிப் போகிறது. டேட்டா எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரௌட் கட்டளையைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேபிள் ஒன்றோடு நிற்கவில்லை. 2004-ல் டாடாவின் சென்னை–சிங்கப்பூர் கேபிள், 2005-ல் ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4, 2016-ல் ஓமனையும் மலேசியாவையும் இணைக்கும் பே ஆஃப் பெங்கால் கேட்வே, 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு பி.எஸ்.என்.எல். இழுத்த 2,300 கிலோமீட்டர் கேபிள் என்று வரிசையாக வந்தன. எண்ணிக்கையைவிடத் திசைதான் முக்கியம். 2006 டிசம்பரில் தைவான் நிலநடுக்கம் கிழக்குப் பக்கத்தை அறுத்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்து மேற்குப் பக்கம் படுத்தது. ஆகவே பேண்ட்வித் வாங்கும்போது "எத்தனை ஜி.பி.பி.எஸ்.?" என்பதோடு "முதன்மை எந்தக் கேபிள், மாற்று எந்தக் கேபிள்?" என்றும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினால் இரண்டு கேபிள் கிடைத்துவிட்டதாக நினைப்பது பலர் செய்யும் தவறு. இருவரும் ஒரே கேபிளில் கொள்ளளவு வாங்கி விற்கலாம்.

கடல்வழிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். கரையேறியதும் மதிப்பெண் இறங்கத் தொடங்குகிறது.

டேட்டா சென்டர்கள் கடற்கரையில் இல்லை. வடமேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, தெற்கே சிறுசேரி சிப்காட் என்று இரண்டு பெரிய கொத்துகள். 2021-ல் தமிழ்நாடு அரசு டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. கேபிள் கரையேறும் நிலையத்திலிருந்து இவற்றுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் தரைவழி ஃபைபர் வர வேண்டும். நடுவில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என யாராவது ஒருவர் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். ஜே.சி.பி. பல்லில் சிக்கும் ஃபைபரை ஒட்டிச் சரிசெய்ய அரை நாள் ஆகலாம். இரண்டு ஆபரேட்டர் லிங்க்கும் ராஜீவ் காந்தி சாலையின் ஒரே டக்ட்டில், அதாவது ஒரே நிலத்தடிக் குழாயில், போனால் இரண்டும் சேர்ந்தே விழும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரு வழித்தடங்களையும் வரைபடத்தில் காட்டும் கே.எம்.இசட். கோப்புகளை வாங்கி, கூகுள் எர்த்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கோடுகள் எங்கே ஒட்டிப் போகின்றனவோ அங்கேதான் ஆபத்து. கட்டடத்துக்குள் நுழையும் இடமும் இரண்டாக இருக்கிறதா, ஆபரேட்டர்களின் ஃபைபரும் வாடிக்கையாளர் ஃபைபரும் இணையும் மீட்-மீ ரூம் இரண்டு உண்டா என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. மின்கம்பத்தில் தொங்கும் ஃபைபரை மாற்று வழி என்று காட்டினால் ஏற்க வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது தொங்கியதெல்லாம் தரையில் கிடந்தது.

உள்ளூர் டிராஃபிக் இன்னொரு கதை. இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் டிராஃபிக்கை நேரடியாகப் பரிமாறிக்கொள்வதற்குப் பெயர் பியரிங். அதற்கான எக்ஸ்சேஞ்சுகளான நிக்ஸி, டிசிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். மூன்றுக்கும் சென்னையில் இணைப்புமுனை உண்டு. உங்களுக்கு இணையம் தரும் ஐ.எஸ்.பி. இவற்றில் சேராவிட்டால், அம்பத்தூர் சர்வரைத் தாம்பரத்தில் இருப்பவர் திறந்தாலும் பாக்கெட் மும்பை போய் வரும். சோதனை எளிது: மதுரையிலோ கோவையிலோ சாதாரண வீட்டு பிராட்பேண்ட் வைத்திருப்பவரை உங்கள் சர்வருக்குப் பிங் போடச் சொல்லுங்கள். 15 மில்லிசெகண்டுக்குள் வந்தால் சரி. 40-ஐத் தொட்டால் பியரிங் இல்லை.

அடுத்து மின்சாரம். பில் வீங்குவதும் நள்ளிரவில் போன் அடிப்பதும் இங்கேதான். 42 யூ (யூ என்பது ரேக்கின் உயர அலகு) ரேக்குக்கு ஏ, பி என இரண்டு ஃபீடு, அதாவது இரண்டு தனி மின்வழி, தருவார்கள். 230 வோல்ட், 32 ஆம்பியர் என்றால் ஒரு ஃபீடு 7.36 கே.வி.ஏ.; தொடர்ந்து இழுக்கக்கூடியது அதில் 80 சதவீதம், சுமார் 5.9. இந்த 5.9 இரண்டு ஃபீடுக்கும் சேர்த்து உள்ள வரம்பு. ஏ-யில் 4, பி-யில் 4 என்று ஏற்றிவிட்டு "பாதிதானே ஓடுகிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. யு.பி.எஸ். பராமரிப்புக்காக ஏ-யை நிறுத்தும் அன்று 8 கே.வி.ஏ. மொத்தமும் பி மேல் விழும். பிரேக்கர் தட்டி ரேக்கே இருண்டுபோகும். ஒற்றை பவர் சப்ளை உள்ள பழைய ஸ்விட்சுகளுக்கு ஒரு ஃபீடு போனால் தானாக மற்றதுக்கு மாறும் ஏ.டி.எஸ். ஒன்றை ரேக்கிலேயே வையுங்கள். சி14, சி20 என்ற இரு பிளக் வகை ஒயர்களில் எது எத்தனை வேண்டும் என்று முன்பே எண்ணிக்கொண்டு போனால் முதல் நாள் அலைச்சல் மிச்சம்.

கட்டணம் இரண்டு வகை: மாதத்துக்கு இத்தனை கே.வி.ஏ. என்று நிலையானது, மீட்டர் ஓடியதைப் பி.யூ.இ.யால் பெருக்குவது. கட்டடம் இழுக்கும் மொத்த மின்சாரத்தை சர்வர்களுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யூ.இ. 3 கிலோவாட் சுமை மாதம் 730 மணி நேரம் ஓடினால் 2,190 யூனிட். பி.யூ.இ. 1.5 என்றால் பில் 3,285 யூனிட்டுக்கு, 1.7 என்றால் 3,723-க்கு. வித்தியாசம் 438 யூனிட், ஒவ்வொரு மாதமும். சென்னையின் புழுக்கத்தில் வெளிக்காற்றை வைத்துக் குளிர்விக்கும் வேலை நடக்காது, சில்லர் ஆண்டு முழுக்க ஓட வேண்டும். அதனால் 1.2 என்று வாய்ப்பேச்சில் சொல்வதைப் பொருட்படுத்தாமல், ஒப்பந்தத்தில் பி.யூ.இ.க்கு உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். எல்லாவற்றின் மேலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும்.

இந்த ஊரில் பலர் கேட்க மறக்கும் கேள்வி காற்றைப் பற்றியது. கடலோர உப்புக் காற்று ஒரு பக்கம். பக்கிங்காம் கால்வாய், பள்ளிக்கரணை குப்பைமேடு பக்கத்திலிருந்து வரும் கந்தக வாயு மறுபக்கம். வீட்டு ஏ.சி.யின் தாமிரக் காயில் சீக்கிரம் அரித்துக் கேஸ் போவது அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதே வாயு சர்வர் போர்டிலுள்ள வெள்ளியையும் தாமிரத்தையும் தின்னும். டிஸ்க்கும் மெமரியும் காரணமே தெரியாமல் அடுத்தடுத்துப் போனால் சந்தேகம் முதலில் இதன் மேல் விழ வேண்டும். ஹாலுக்குள் தாமிர, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் வைத்து அரிமானம் அளக்கும் கூப்பன் சோதனை உண்டு. தாமிரத்தில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழும் வெள்ளியில் 200-க்குக் கீழும் இருந்தால் அது ஜி1 நிலை, பயமில்லை. கடைசி அறிக்கையைக் கேளுங்கள். "அப்படியென்றால் என்ன?" என்று விற்பனைப் பிரதிநிதி திருப்பிக் கேட்டால் அடுத்த கட்டடத்தைப் பார்க்கலாம்.

வெள்ளம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர். சிறுசேரி வளாகம் தப்பினாலும் செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர் வழியே அங்கே போய்ச் சேருவது பெரும்பாடு. ஆகவே சர்வர் எந்த மாடியில் என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஜெனரேட்டர், டீசல் பம்ப், மின்மாற்றி, உயரழுத்த மின்சாரம் வரும் ஹெச்.டி. பேனல் நான்கும் எந்த உயரத்தில்? முழுச் சுமையில் 48 மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறதா? டேங்கர் வர முடியாத நாளில் ஒப்பந்தப்படி வரும் டீசலுக்கு மதிப்பில்லை. துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்துவார்களே, அந்த நாட்களின் ஜெனரேட்டர் லாக் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். எந்தப் பிரசுரத்தையும்விட அது நேர்மையாகப் பேசும்.

சான்றிதழில் ஒரு சூட்சுமம்: டேட்டா சென்டரின் நம்பகத்தன்மைத் தரத்தைச் சொல்லும் டியர் 3 என்று சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் வரைபடத்துக்கான சான்று. கட்டி முடித்த கட்டடத்துக்கான சான்று வேறு. அதைக் கேளுங்கள். சேவைத் தரத்துக்கான ஒப்பந்த உறுதியான எஸ்.எல்.ஏ.வை அவர்கள் மீறினால் கிடைப்பது அடுத்த மாத பில்லில் கழிவுதான், நஷ்டஈடு கிடையாது.

காகித வேலை சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்ந்தால் இ-வே பில் வேண்டும், வெளிமாநிலத்திலிருந்து வந்தால் 50,000-க்கு மேல். ஒவ்வொரு சர்வரின் சீரியல் எண்ணும் டெலிவரி சலானில் இல்லையென்றால் செக்யூரிட்டி உள்ளே விடுவார், வெளியே விடமாட்டார். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் சேமிக்கும் டிஸ்க்குக்கு ரேக்கில் 2 யூ ஒதுக்கிவிட்டே கணக்குப் போடுங்கள்.

நீங்கள் நேரில் வராமலே டேட்டா சென்டர் ஆட்கள் உங்கள் சர்வரைக் கவனிக்கும் ரிமோட் ஹேண்ட்ஸ் சேவை இந்த ஊரின் இன்னொரு பலம். பொறியியல் படித்து, இரவு ஷிஃப்டுக்குப் பழகிய ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வட இந்தியாவுக்கு மட்டும் சேவை தருபவர்கள் இங்கே வர வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர்களும் தென்மாநிலப் பயனர்களும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சென்னை பொருந்தும்; முதன்மைத் தளம் விழுந்தால் கைகொடுக்கும் டி.ஆர். தளத்தை மட்டும் அம்பத்தூருக்குச் சிறுசேரி என்று வைக்காமல் ஐதராபாத்துக்கோ மும்பைக்கோ தள்ளிவிடுங்கள்; இரண்டும் சென்னையிலேயே இருந்தால் ஒரே புயல் இரண்டையும் ஒரே நாளில் தொடும்.